பெயரில்லாக் குழாயும் இஞ்சுக்குப் பதினான்கு மரையும்

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. பாட்டு கையில் இருக்கிறது. பாடியவர் பெயர் இல்லை. அவர்கள் கண்ட வழி எளிமையானது. பாட்டுக்குள்ளேயே தேடி, அதில் தனித்து நிற்கும் தொடர் ஒன்றை எடுத்து அதையே புலவருக்குப் பெயராக்கிவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று வகுப்பறையில் நாம் சொல்லிக்கொண்டிருப்பவை அப்படிப் பிறந்த பெயர்களே. ஆளைத் தெரியாவிட்டால் என்ன, ஆக்கத்தில் அடையாளம் இருக்கிறதே என்பது அவர்கள் துணிபு.

இந்தப் பழைய உத்தி அண்மையில் எனக்கு நினைவுக்கு வந்த இடம் இலக்கியத்துக்குத் தொலைவானது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய சாலையில் உள்ள ஹார்டுவேர்ஸ் கடை அது. வாடகை வீட்டுக் குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயின் உள்பாகத்தைக் கழற்றி ஒரு காகிதத்தில் பொதிந்து கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் அதைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "என்ன கம்பெனி சார்?" குழாயில் எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. பிடியில் இல்லை, உடலில் இல்லை, சுவரோடு ஒட்டிய தட்டின் பின்புறத்திலும் இல்லை. "அப்ப கஷ்டம்தான். புதுசாவே மாத்திடுங்க" என்றார். கடையில் எனக்கு முன்னால் நின்ற தொழிலாளி ஒருவருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அவர் கையிலிருந்ததும் பெயரில்லாததே.

அவர் சொன்னது வணிக நோக்கில் சரியாக இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,575 லிட்டர். கையளவு பீங்கான் வில்லை ஒன்று தேய்ந்ததற்காகப் பித்தளை உடல் முழுவதையும் எறிய வேண்டும், அல்லது இத்தனை நீரை விட வேண்டும். மாதச் சம்பளத்தில் வாடகை போக மிச்சத்தை எண்ணிப் பார்ப்பவர், வீட்டு உரிமையாளருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நின்றுகொண்டு, பெரும்பாலும் சொட்டுவதையே தேர்ந்தெடுப்பார். வாளியொன்றை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

"என்ன கம்பெனி?" என்ற கேள்வி எப்போது பிறந்தது என்பதுதான் எனக்குள் எழுந்த ஐயம். ஏனென்றால் என் சிறுவயதில் தெருக்குழாய் ஒழுகினால் யாரும் அப்படிக் கேட்டதாக நினைவில்லை. "அரை இஞ்சா, முக்கால் இஞ்சா?" என்றுதான் கேட்பார்கள். ஒரு கேள்வி போய் இன்னொரு கேள்வி வந்திருக்கிறது. அதற்கு இடையில் நிகழ்ந்தது என்ன?

நீர்க்குழாயில் முத்திரை இடும் வழக்கம் பழையது. கி.பி. 97 இல் உரோமாபுரியின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பேற்ற பிரண்டினஸ் என்னும் அதிகாரி, நகரத்துக் கால்வாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறார். அலுவலகக் கோப்பு ஒன்றை இலக்கியமாக வாசிக்க விரும்புபவர்களுக்கு நல்ல நூல். நீர்த்தொட்டியிலிருந்து ஒரு வீட்டுக்குக் கிளை பிரியும் இடத்தில் வைக்கும் முகப்புக் குழல் வெண்கலத்தால் ஆகியிருக்க வேண்டும். ஈயம்போல அதை வளைத்தோ விரித்தோ பெரிதாக்க முடியாது என்பது காரணம். அதன்மீது அரசு முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத குழல்கள் பல இடங்களில் பொருத்தப்பட்டிருந்ததையும், அவற்றின் வழியே நீர் களவு போனதையும் அவர் சலிப்போடு பதிவு செய்கிறார். குழல்களுக்கு இருபத்தைந்து அளவுகள் வகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பதினைந்தே புழக்கத்தில் இருந்தன என்றும் சொல்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த முத்திரை, செய்தவன் யார் என்பதைச் சொல்வதற்காக இடப்பட்டதன்று. 'இது இன்ன அளவு; இதன் வழியே இவ்வளவுதான் போகும்' என்பதற்கான சான்று அது. ஈயக் குழாய்களில் கொல்லர் பெயர்களும் பொறிக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் பிரண்டினஸுக்குத் தூக்கம் கெட்டது பெயரால் அல்ல, அளவால்.

நம் பக்கத்திலும் பெயர் பொறித்திருக்கிறார்கள். வீட்டுக் குழாயில் அல்ல, ஏரித் தூம்பில். புதுக்கோட்டைப் பகுதிக் குளங்களில் நிற்கும் தூம்புக் கற்கள் பலவற்றில் அதை எடுப்பித்தவர் பெயரைக் காணலாம். குமிழித் தூம்பு என்னும் அமைப்பை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். ஏரிக்குள் இரண்டு கல்தூண்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்மூடியில் ஒரு துளை, அதற்கு நீரோடித் துளை என்று பெயர். அந்தத் துளையில் ஓர் அடைப்பு. அடைப்பைத் தண்டோடு மேலே தூக்கினால் நீர் இறங்கும், அழுத்தினால் நிற்கும். கீழே பக்கவாட்டில் சேறோடித் துளைகள். வண்டல் தங்கிவிடாமல் அவை வழியே நீரோடு வெளியேறும்.

துளை, அடைப்பு, தண்டு. இன்று நம் குளியலறைக் குழாயிலும் இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. கல்லுக்குப் பதில் பித்தளை, தூக்குவதற்குப் பதில் திருகுவது, அவ்வளவே வேறுபாடு. சேறோடி மட்டும் நம் குழாயில் விடுபட்டுப்போனது. அதன் விளைவு பின்னால் வரும்.

(குழாய் என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. மூங்கிலின் உட்டுளைதான் முதல் குழாய். நெடிய மூங்கிலில் விளைந்த தேறலைக் குறவர் அருந்துவதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. நீருக்கு முன்பே கள்ளுக்குக் குழாய் கண்ட மரபு நம்முடையது!)

சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் போனது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலிருந்துதான். 1772 இல் கும்பெனியார் ஏழு கிணறுகளிலிருந்து கோட்டைக்கு நீர் எடுத்த கதையை விட்டுவிடுவோம். அது கிணற்று நீர். ஏரி நீருக்கான திட்டத்தை 1866 இல் வகுத்தவர் பிரேசர் என்னும் பொறியாளர். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பி, புழலிலிருந்து திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1872 இல் நகரக் குழாய்களில் நீர் ஓடத் தொடங்கியது. வடிகட்டாத நீர். வடிகட்டும் படுகைகள் 1914 இல்தான் வந்தன. போதாமை தீரவில்லை. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944 இல் அது பணி முடிந்து திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே மறைந்துவிட்டார். நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புழல் 3,300 மில்லியன் கன அடி, பூண்டி 3,231, சோழவரம் 1,081, 2020 இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை 500 என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

ஏரிக்குப் பெயர் உண்டு, கால்வாய்க்குப் பெயர் உண்டு. கடைசியில் நீர் விழும் அந்தப் பித்தளை மூக்குக்கு மட்டும் பெயர் கேட்பாரில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

யார்க்ஷயரில் ராதர்ஹாம் என்றொரு ஊர். அங்கே கெஸ்ட் அண்ட் கிரைம்ஸ் என்ற பித்தளை வார்ப்புக் கூடத்தைச் சேர்ந்த எட்வர்ட் கிரைம்ஸ், 1845 இல் திருகி மூடும் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் இருந்தவை செருகுக் குழாய்கள். கூம்பு வடிவ அடைப்பில் ஒரு துளை. கால் சுற்றுச் சுற்றினால் திறக்கும், மூடும். நீர் அழுத்தம் குறைந்த காலத்தில் அது போதும். நகரங்களுக்கு இடைவிடாமல், உயர் அழுத்தத்தில் நீர் தர முனைந்தபோது செருகுக் குழாய் ஒழுகியது. போதாக்குறைக்கு, சட்டென்று மூடினால் ஓடிவரும் நீர் குழாய்ச் சுவரில் சம்மட்டிபோல அறைந்தது. கிரைம்ஸின் குழாயில் பிடியைப் பல சுற்றுத் திருக வேண்டும். தண்டு மெல்ல இறங்கும். அதன் அடியில் உள்ள ஒரு வில்லை நீர் வரும் துளையின் விளிம்பில் உட்காரும். அந்த வில்லை குளிர்நீருக்குத் தோல், பின்னாளில் இரப்பர். அதுதான் நாம் வாஷர் என்பது.

இந்த அமைப்பின் பெருமை, தேய வேண்டியது எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ததில் இருக்கிறது. பித்தளை தேயாது, தோல் தேயும். குழாய் முழுதும் வாழ்வதற்காகக் காசு பெறாத ஒன்று சாகும். அந்தத் தோல் துண்டை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். செருப்புத் தைப்பவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, நாணயத்தை வைத்துக் கோடு கிழித்து வெட்டலாம். அப்புறம் குழாய் ராதர்ஹாமில் வார்த்ததா, ஜலந்தரில் வார்த்ததா என்பது எதற்கு? பெயரில்லாமை அன்று ஒரு குறையாக உணரப்படவே இல்லை.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1841 இல், ஜோசப் விட்வொர்த் என்பவர் இலண்டனில் பொறியாளர்கள் கூடும் மன்றத்தில் ஒரு கட்டுரை அளித்திருந்தார். திருகாணிகளின் மரைகள் பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டுக் கிடந்த காலம் அது. ஒரு கூடத்துப் போல்ட்டில் அடுத்த கூடத்து நட்டு ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைத் திரட்டி, அளந்து, ஒரு நடுவளவை எடுத்து, மரையின் கோணம் 55 பாகை, இன்ன பருமனுக்கு இஞ்சுக்கு இத்தனை மரை என்று வகுத்தார். புதிதாகக் கண்டுபிடித்ததைவிட, இருந்தவற்றை ஒப்புநோக்கிப் பாடம் தீர்மானித்தார் என்பதே பொருத்தம். ஏட்டுச் சுவடிகளோடு மாரடித்த நம் பதிப்பாசிரியர்களின் வேலைதான் இது.

மரை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் இதுதான் வழக்கு. மரை வெட்டுவது, மரை தேய்ந்தது, மரை ஏறவில்லை. புத்தி பிசகியவனை 'மரை கழன்றவன்' என்கிறோம். அதை 'மறை கழன்றவன்' என்று எழுதுவோரும் உண்டு. ஒலியில் இரண்டும் இன்று பலருக்கு ஒன்றாகிவிட்டதால் எழுத்திலும் மயக்கம். வேதத்துக்கும் திருகாணிக்கும் நடுவே குழப்பம் வேண்டாம் என்று இடையினத்தையே நான் எழுதுகிறேன். கடையில் இருக்கும் பையனுக்கு இந்த ஐயம் எதுவும் கிடையாது. அவன் அதை விரலால் தடவிப் பார்த்தே படிக்கிறான்.

விட்வொர்த்தின் மரை நீர்க்குழாய்க்கும் வந்தது. அரை இஞ்சுக் குழாய்க்கு இஞ்சுக்குப் பதினான்கு மரை. முக்கால் இஞ்சுக்கும் பதினான்கே. ஒரு இஞ்சுக்குப் பதினொன்று. பிரிட்டன் ஆண்ட நாடுகள் பலவும் இதை ஏற்றன. விடுதலைக்குப் பின் இந்தியத் தர நிறுவனமும் இதையே இந்தியத் தரத்தில் எழுதிவைத்தது. திருகு குழாய்களுக்கான ஐ.எஸ். 781 இந்த மரையை அடியாகக் கொண்டதே. இன்று உலகப் பொதுத் தரத்தில் இதற்கு 'ஜி' என்று குறியீடு. எரிவாயுக் குழாயோடு ஐரோப்பாவில் பரவியதால் வந்த எழுத்து அது. ஆக, கும்மிடிப்பூண்டிக் குளியலறைச் சுவரில் திருகி நிற்கும் அந்தப் பெயரில்லாக் குழாயின் அடிமரை, விக்டோரியா காலத்துப் பட்டறைகளின் நடுவளவு. இதைவிடத் துல்லியமான பிறப்புச் சான்று வேறென்ன வேண்டும்?

அமெரிக்கா வேறு வழி போனது. அங்கே கோணம் 60 பாகை. அரை இஞ்சுக்கு அங்கேயும் பதினான்கு மரைதான் என்பது வேடிக்கை. எனவே அமெரிக்க உறவினர் ஆசையோடு கொண்டுவந்து தரும் குழாய் நம் சுவரில் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும். பிறகு இறுகிக்கொண்டு ஒழுகும்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. அரை இஞ்சுக் குழாயின் மரையை வெர்னியர் வைத்து அளந்தால் அரை இஞ்சு, அதாவது 12.7 மி.மீ., வராது, ஏறத்தாழ 21 மி.மீ. வரும். 'அரை இஞ்சு' என்பது பழைய தடித்த இரும்புக் குழாயின் உள்விட்டம். காலப்போக்கில் குழாய்ச் சுவர் மெலிந்தது. மரை வெளிப்புறத்தில் வெட்டப்படுவதால் வெளிவிட்டத்தை மாற்ற முடியவில்லை, பெயரையும் மாற்றவில்லை. 1956 இல் மெட்ரிக் சட்டம் வந்தபின் அதே குழாய் 15 மி.மீ. என்று மூன்றாவது பெயரும் பெற்றது. கடையில் அரை இஞ்சு, தரக் குறிப்பில் 15 மி.மீ., அளவுகோலில் 21 மி.மீ. மூன்றும் ஒன்றே. முக்கால் இஞ்சு என்பதும் இதுபோலவே: பெயரில் 20 மி.மீ., அளந்தால் 26.4.

இவ்வளவு தெளிவாக இருந்த அடையாளம் எங்கே கலைந்தது? குழாயின் வயிற்றில்.

1970களில் மேலைநாடுகளில் பீங்கான் வில்லைக் குழாய்கள் புழக்கத்துக்கு வந்தன. கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு அலுமினா வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் துளைகள் நேர்ப்பட்டு நீர் வரும். தாராளமயத்துக்குப் பிறகு இவை நம் ஊர்களிலும் பரவின. நல்ல கருவிதான், நான் குறைசொல்ல மாட்டேன். வயதானவர்களின் விரல்களுக்கு இந்தக் கால் சுற்று பெரிய விடுதலை. ஆனால் வாஷர்போல இதைத் தனியே மாற்ற முடியாது. வில்லைகள், தண்டு, இரப்பர் வளையம் எல்லாம் ஒரு கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். அதைக் கார்ட்ரிட்ஜ் என்கிறார்கள். அந்தக் கூட்டின் நீளம், தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை, அடியில் உள்ள முளைகளின் இடம் ஆகியவற்றை அவரவர் விருப்பப்படி அமைத்துக்கொண்டார்கள். விட்வொர்த்துக்கு முந்தைய பட்டறைகளின் நிலை திரும்பிவிட்டது, சுவருக்கு வெளியே அல்ல, குழாய்க்கு உள்ளே.

'என்ன கம்பெனி?' பிறந்தது இங்கேதான். இதே காலத்தில்தான் குழாய்க்கு வணிகப் பெயரும் விளம்பரமும் வந்தன. 1960 இல் எஸ்கோ என்று தொடங்கிய வட இந்திய நிறுவனம் 1986 இல் ஜாகுவார் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது இந்த மாற்றத்தின் ஓர் அடையாளம். பெயருள்ள குழாய்க்குக் கார்ட்ரிட்ஜ் கிடைக்கும். பெயரில்லாதது, ஒழுகத் தொடங்கிய அன்றே அநாதை. தொழிற்பேட்டைகளைச் சுற்றி வரிசை வீடுகளாகக் கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் மொத்தமாக வாங்குவது எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விந்தையையும் சொல்லத் தோன்றுகிறது. காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் இயந்திரக் கூடங்களில் வேலை செய்யும் இளைஞர்கள் மி.மீ.யில் நூறில் ஒரு பங்கை அளப்பவர்கள். அவர்கள் கையிலெடுக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் வரைபட எண் உண்டு. மாலையில் திரும்பும் அறையில், அவர்கள் தினமும் தொடும் ஓர் உறுப்புக்கு மட்டும் எண்ணும் இல்லை, வரைபடமும் இல்லை.

நீரின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்ட செய்தி. அதே மீஞ்சூரில் 2010 இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எழுந்தது சென்னைக்காக. ஆழ்துளைக் கிணற்றை நம்பி வாழும் வீடுகளின் குழாய்களுக்கு உப்பும் சுண்ணமும் மணலும்தான். குளோரைடு மிகுந்த நீரில் மட்டமான பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். மஞ்சளாக இருந்த உலோகம் செம்பு நிறமாகி, பஞ்சுபோல் பொடியும். மணற்பொடி பீங்கான் வில்லைகளுக்கு நடுவே புகுந்து கோடு கிழிக்கும். தோல் வாஷர் மணலைப் பொறுத்துக்கொள்ளும், பீங்கான் பொறுக்காது. ஏரித் தூம்பு கட்டியவன் சேறோடித் துளை வைத்த காரணம் புரிகிறதல்லவா?

சரி, பெயரில்லாக் குழாயைப் படிப்பது எப்படி? கல்வெட்டில் அரசன் பெயர் சிதைந்திருந்தால் எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிக்கிறார்கள். அதே பொறுமைதான் தேவை. முதலில் மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, குழாயின் மேல் படிந்த சுண்ணத்தை எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிய துணியால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். பெயரில்லை என்று நினைத்த குழாய்கள் சிலவற்றில், நீர் விழும் வாயில் உள்ள சல்லடை வளையத்தின் விளிம்பிலும், பிடியின் மூடிக்கு அடியிலும் பொடி எழுத்துகள் தெரியவரும். தெரியாவிட்டாலும் கவலையில்லை. எடையும் காந்தமும் உலோகத்தைச் சொல்லும். பித்தளையில் காந்தம் ஒட்டாது, கைக்குக் கனமாக இருக்கும். பெயிண்ட்போல் உரிந்து கீழே சாம்பல் நிறம் தெரிந்தால் அது துத்தநாகக் கலவை. அதற்குப் பாகம் தேடி அலைவது வீண் வேலை என்பது என் கருத்து.

பிறகு பிடியைக் கழற்றிக் கார்ட்ரிட்ஜை எடுக்க வேண்டும். இங்கேதான் செம்புலப்பெயல்நீராரைக் கண்டுபிடிக்கும் வேலை. கைப்பிடி ஒன்றே உள்ள கலப்புக் குழாயானால் கூட்டின் விட்டத்தை அளக்கலாம். 35 அல்லது 40 மி.மீ. என்றுதான் பெரும்பாலும் வரும். அடியில் உள்ள மூன்று துளைகளும் இரண்டு முளைகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வெள்ளைத் தாளில் மை தடவி ஒற்றி எடுத்துக்கொள்ளலாம்; கல்வெட்டுப் படியெடுப்பதுபோல. தனிக் குழாயானால் தண்டின் தலையிலுள்ள பற்களை எண்ண வேண்டும். 20 பல் உள்ளவையும் 24 பல் உள்ளவையும் சந்தையில் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு எண்ணினால் பிழை வராது. தண்டு எந்தப் பக்கம் திரும்பினால் திறக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் எதிரெதிர்த் திசையில் திறப்பவை உள்ளன. உடலுக்குள் ஏறும் மரையை மட்டும் அவ்வளவாக அஞ்ச வேண்டாம். பல குழாய்களில் அது நம் பழைய அரை இஞ்சுதான்.

நீர் விழும் வாயிலுள்ள சல்லடை வளையத்தின் மரையை அளந்தால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. வெளிமரையானால் 24 மி.மீ., உள்மரையானால் 22 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி ஒரு மி.மீ. என்பது பெரும்பான்மை வழக்கு. மெட்ரிக்! சுவரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இஞ்சு, மூக்கில் இருபதாம் நூற்றாண்டின் மில்லி மீட்டர், வயிற்றில் எவருக்கும் பொதுவில்லாத பற்கள். ஒரே சாண் நீளப் பித்தளையில் மூன்று அடுக்கு வரலாறு.

இந்த விவரங்களோடு, பழைய பாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரரின் முதல் கேள்வி தானாகவே மாறிவிடுகிறது. நான் இரண்டாம் முறை போனது திருவள்ளூரில் வேறொரு கடைக்கு. "இருபது பல்லு, இடப்பக்கம் திறக்கும்" என்றேன். பையன் பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். இரண்டாவது சேர்ந்தது.

பெயரில்லாமையைக் குறையாக அல்லாமல் கொள்கையாகவே ஏற்ற ஒரு கருவியும் தமிழகத்தில் உருவாகியிருக்கிறது. இந்தியா மார்க் டூ என்னும் கைபம்புதான் அது. 1970களில் சிற்றூர்களில் போட்ட வார்ப்பிரும்பு அடிபம்புகள் அடுத்தடுத்துப் பழுதாகிக் கிடந்தன. சோலாப்பூரில் உருவான ஒரு வடிவத்தை அடியாக வைத்து, யூனிசெஃப் ஆதரவில், சென்னையைச் சேர்ந்த ரிச்சர்ட்சன் அண்ட் க்ருடாஸ் ஆலையும் இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து புது வடிவம் கண்டன. கோவை வட்டாரத்து ஆழ்கிணறுகளில் சோதித்தார்கள். 1979 இல் ஐ.எஸ். 9301 என்று அது தரமாக எழுதப்பட்டது. யாரும் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. வரைபடம் எல்லோருக்கும் பொது. எந்த ஆலையும் செய்யலாம், செய்வது மட்டும் அந்த அளவில் இருக்க வேண்டும். ஓர் ஆலையின் கைப்பிடி இன்னோர் ஆலையின் தலையில் பொருந்தும். அந்தப் பம்பு ஆப்பிரிக்க நாடுகள் வரை போனது.

பழுதுபார்க்கும் உரிமை என்ற பேச்சு தில்லியிலும் எழுந்திருக்கிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையவாயிலும் திறந்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு மின்சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். குளியலறைக் குழாய் அந்த வரிசையில் சேரவில்லை. 2019 இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது இந்தியச் சிற்றூர்களில் குழாய் இணைப்புள்ள வீடுகள் 3.23 கோடி, இப்போது பதினைந்து கோடியைத் தாண்டிவிட்டன. அந்தக் குழாய்களில் பலவற்றில் இன்னும் தேயும் வாஷர்தான் இருக்கிறது, கால் சுற்றுப் பீங்கான் இல்லை. இன்றைக்கு அவற்றை ஒழுகாமல் வைத்துக்கொள்ள ஸ்பேனர் ஒன்றும் இரண்டு ரூபாய் இரப்பரும் போதும்.